ஓடினால் மட்டும் போதுமா?



கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் சில மாதங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடிதத்தின் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

“என் மகன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வீட்டிலுள்ள கம்ப்யூட்டர், அவனுடைய வாப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் ஐந்து வருடங்களுக்கு முன் வாங்கியது. அது மெதுவாக ஓடுகிறது என்று சொல்லி, அதன் வேகத்தை அவனாகவே கூட்டி வைத்திருக்கிறான். ‘ஓவர்கிளாக்கிங்’ என்று அதற்குப் பெயராம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறான். இரவெல்லாம் ஃபேன் இரைச்சல். அதே கம்ப்யூட்டரில்தான் என் மூத்த மகள் அச்சகங்களுக்குப் புத்தகம் டைப் செய்து கொடுக்கிறாள். கணவரை இழந்து, கைக்குழந்தையோடு எங்களிடம் வந்திருப்பவள். அந்த வருமானம்தான் அவளுக்கும் பிள்ளைக்கும். போன மாதம் முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை முடித்துச் சுருக்கி, பென் டிரைவில் போட்டு அனுப்பினாள். இடம் இல்லை என்று மூலத்தை அழித்துவிட்டாள். அச்சகத்தில் அது திறக்கவில்லை, வீட்டிலும் திறக்கவில்லை. பழைய பிரதி ஒன்றிலிருந்து பாதியை எடுத்து, மீதியை ஒன்பது இரவுகள் கண் விழித்து மறுபடி டைப் செய்தாள். தம்பி செய்த வேலையால்தான் இப்படி ஆயிற்று என்கிறாள் அவள். ‘மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லையே ராத்தா, நன்றாகத்தானே ஓடுகிறது’ என்கிறான் இவன். இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. நான் யார் பக்கம் பேசுவது?”

நான் மின்னணுவியல் படித்தவன் அல்லன். இலக்கியம் படித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன். எனினும், இளைஞர்கள் இருக்கும் வீடுகள் பலவற்றிலும் எழக்கூடிய கேள்வி இது. ஆகவே அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்புக்கு முன் விஷயம் விளங்க வேண்டும் அல்லவா?

வேகம் என்பது என்ன?

கம்ப்யூட்டரின் கணக்குகளையெல்லாம் செய்து முடிப்பது செயலி என்னும் சிறிய சில்லு. அதற்குள் ஒரு தாளம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதனையே ‘கிளாக்’ என்கின்றனர். இது மணி காட்டும் கடிகாரம் அன்று. துடுப்புப் போடுபவர்கள் ஒருசேர இயங்குவதற்காகப் படகில் ஒருவர் குரல் கொடுப்பார் அல்லவா? அத்தகைய குரல் இது. ஒவ்வொரு குரலுக்கும் செயலியின் உறுப்புகள் அனைத்தும் ஓர் அடி முன்னேறுகின்றன.

4 கிகாஹெர்ட்ஸ் செயலி என்றால் ஒரு நொடியில் 400 கோடி முறை அந்தக் குரல் எழுகிறது என்று பொருள். இரண்டு குரல்களுக்கு இடையே கிடைக்கும் அவகாசம் எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பாருங்கள். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளிகூட அந்த இடைவெளிக்குள் ஏழரை சென்டிமீட்டர்தான் நகர முடியும். அதற்குள் மின் சமிக்ஞைகள் வரிசை வரிசையான நுண்ணிய சுவிட்சுகளைக் கடந்து, விடையாகத் திரண்டு, அசையாமல் நிற்க வேண்டும். அடுத்த குரல் எழும்போது அந்த விடை பதிவு செய்யப்படுகிறது.

தாளத்தைக் கூட்டினால் இந்த அவகாசம் குறைகிறது. மிக நீண்ட வழியில் வரும் சமிக்ஞை இன்னும் வந்து சேராமல் இருக்கும்போதே அடுத்த குரல் எழுந்துவிட்டால்? வந்து சேர்ந்த அரைகுறையையே செயலி விடையென்று பதிவு செய்துகொள்ளும். 1 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0 வந்து உட்காரும். செயலிக்கு அது தவறென்று தெரியாது. அது பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

நிறுவனம் ஏன் இடம் விட்டு வைக்கிறது?

‘அப்படியானால் எழுதியிருக்கும் வேகத்துக்கு மேல் ஒரு செயலி எப்படித்தான் ஓடுகிறது?’ என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரே சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கான செயலிகள் உருவாகின்றன. ஒரே அடுப்பில் சுட்ட பணியாரங்கள் அனைத்தும் ஒன்றுபோல் வெந்துவிடுவதில்லை. அதைப் போலவே இவையும். சில மிக வேகமாக ஓடும். சில சற்றே தளர்ந்தவை. நிறுவனம் அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, இன்ன வேகம் என்று உறுதி கொடுத்து விற்கிறது. அந்த உறுதி மிக மோசமான நிலைமையையும் கருதித் தரப்படுவதாகும். வெப்பமான அறை, ஏற்ற இறக்கமுள்ள மின்சாரம், ஆண்டுக்கணக்கான உழைப்பினால் வரும் தேய்மானம் ஆகிய அனைத்தையும் தாங்கி, அந்த வேகத்தில் பிழையின்றி ஓட வேண்டும். எனவே கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறார்கள். வேகமாக ஓடக்கூடிய சில்லுகளை, மலிவான சரக்குக்குத் தேவை அதிகம் என்பதற்காகக் குறைந்த வேக முத்திரை குத்தி விற்பதும் உண்டு. இந்த இடைவெளியைத்தான் இளைஞர்கள் பயன்படுத்திக்கொள்கின்றனர்.

இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் 1998-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் ‘செலரான் 300ஏ’ என்ற மலிவான செயலியை 149 டாலர் விலையில் வெளியிட்டது. அதே சமயத்தில் வெளிவந்த உயர்ந்த வகை ‘பென்டியம் 2’, 450 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது. விலை 669 டாலர். செலரானின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரையால் பெருக்கி அது ஓடியது. அந்த நாலரையை மாற்ற முடியாதபடி நிறுவனம் பூட்டி வைத்திருந்தது. ஆனால் மதர்போர்டின் தாளத்தை 66-லிருந்து 100 ஆக்கினால்? நாலரைப் பெருக்கல் நூறு, 450! செயலியின் ஒரு குறிப்பிட்ட இணைப்பு முனையின் மேல் சிறு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டியோ, நகப்பூச்சைத் தடவியோ மதர்போர்டை அந்தத் தாளத்துக்கு மாற்றியவர்களும் உண்டு. மிகப் பல செலரான்கள் இந்த வேகத்தில் ஓடின. பென்டியம் 2-இல் இருந்த 512 கிலோபைட் இடைநினைவகம் செயலியின் பாதி வேகத்தில்தான் ஓடும். செலரானில் இருந்த 128 கிலோபைட்டோ செயலிக்குள்ளேயே அமைந்து முழு வேகத்தில் ஓடியது. ஆகவே பல வேலைகளில் மலிவான செயலி விலையுயர்ந்த செயலிக்கு ஈடு கொடுத்தது. அந்நாளைய மாணவர்கள் அதனைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

இதில் இருண்ட பக்கமும் இருந்தது. 1990-களில் சில வணிகர்கள், குறைந்த வேகச் செயலியின் மேலெழுத்தை அழித்து, கூடுதல் வேகத்தை எழுதி, கூடுதல் விலைக்கு விற்றனர். பெருக்கு எண்ணை நிறுவனங்கள் பூட்டியதற்கு இந்த மோசடியும் ஒரு காரணம். தன் பொருளின் வேகத்தைத் தெரிந்தே கூட்டிக்கொள்வது வேறு. பிறருக்குத் தெரியாமல் கூட்டி, அவர் தலையில் கட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள். நம் கடிதத்துக்கும் இது தேவைப்படும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. இன்டெல் செயலிகளில் பெயரில் ‘கே’ எழுத்துடன் வருபவையும், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலிகளில் பெரும்பாலானவையும் பூட்டின்றியே விற்கப்படுகின்றன. ஆனால் செயலிகள் தம் சூட்டையும் வேலையையும் பார்த்துத் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வித்தையைக் கற்றுவிட்டன. முன்பு விட்டு வைத்திருந்த இடத்தின் பெரும்பகுதியை நிறுவனமே எடுத்துக்கொண்டுவிட்டது. 1998-இல் கிடைத்த ஐம்பது விழுக்காட்டு லாபம் இன்று கிடைப்பதில்லை. பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தோடு நின்றுவிடும்.

கூட்டுவதற்குக் கொடுக்கும் விலை

கூடுதல் தாளத்துக்குச் சமிக்ஞைகள் ஈடு கொடுக்க வேண்டுமானால் மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டை, சற்று உயர்த்த வேண்டியிருக்கும். இங்கேதான் கணக்கு கைமீறுகிறது. செயலி உண்ணும் மின்சாரம் வேகத்தின் அளவுக்கு ஏற்பக் கூடுகிறது. வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடும் வோல்ட்டைப் பத்து விழுக்காடும் உயர்த்தினால், மின்சாரச் செலவு பத்தோ இருபதோ அன்று, ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். 65 வாட் எடுத்துக்கொண்டிருந்த செயலி 86 வாட் கேட்கும். அத்தனையும் சூடாக வெளியேறியாக வேண்டும்.

சூடு கூடினால் சமிக்ஞைகள் பொதுவாகத் தளர்கின்றன. மேலும் வோல்ட் தேவைப்படுகிறது. அது மேலும் சூட்டைத் தருகிறது. இக்காலச் செயலிகள் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. உடனே எரிந்துவிடும் என்று உம்மாமார் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதிக வோல்ட்டிலும் அதிகச் சூட்டிலும் நீண்ட நாள் ஓடும் செயலியின் உள்ளிழைகள் மெல்ல மெல்லத் தேய்கின்றன. இன்று தாங்கும் வேகத்தை இரண்டாண்டு கழித்துத் தாங்காமல் போகலாம். உறுதிமொழிக் காலமும் பறிபோகலாம். வேகம் கூட்டியதால் வந்த சேதத்துக்கு நிறுவனங்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை.

நம் ஊர் வெயிலையும் இங்கே நினைத்துப் பாருங்கள். மார்கழி இரவில் சோதித்து, ‘சரியாக ஓடுகிறது’ என்று முடிவு கட்டிய கம்ப்யூட்டர், கத்திரி வெயிலில் மின்விசிறி மட்டுமே சுழலும் அறையில் என்ன செய்யும்? பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தால் காற்று வரும் என்பது உண்மையே. கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து வரும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அதைவிடப் பெரிய அபாயமும் உண்டு. அத்தகட்டை இன்றே மாட்டச் சொல்லுங்கள்.

நிற்காத தவறு

இப்போது மகன் சொன்ன வாதத்துக்கு வருவோம். “மெஷின் நிற்கவில்லையே!”

வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரு பிள்ளை மெதுவாகச் சொல்லும்போது பிழை வருவதில்லை. ‘வேகமாகச் சொல்’ என்றால் சொல்வான். இன்னும் வேகமாக? அப்போதும் சொல்வான். ஆனால் நடுவில் ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு என்பதற்குப் பதிலாக நூற்றிரண்டு என்று வழுக்கிவிட்டுப் போய்விடுவான். தான் தவறிய செய்தி அவனுக்கே தெரியாது. திக்கி நின்றுவிடும் பிள்ளையைத் திருத்துவது எளிது. நிற்காமல் தவறாகச் சொல்லும் பிள்ளையைக் கண்டுபிடிக்க, எதிரில் வாய்ப்பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

செயலியின் கதையும் இதுவே. எல்லை மீறியதும் அது நின்றுபோனால் நமக்கு நல்லது, எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. எல்லையின் விளிம்பில் நின்றுகொண்டு, கோடி கணக்குகளில் ஒன்றை மட்டும் தவறாகச் செய்துவிட்டுத் தொடர்ந்து ஓடுவதுதான் ஆபத்து.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணிபுரியும் ரேமண்ட் சென் என்பவர் 2005-ஆம் ஆண்டு ஓர் அனுபவத்தை எழுதினார். வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்கள் பழுதாகி அனுப்பிய அறிக்கைகளில், நடக்கவே முடியாத பழுதுகள் சில காணப்பட்டனவாம். ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கு என்பது போன்ற, தவறுவதற்கு வழியே இல்லாத கட்டளையில் கம்ப்யூட்டர் விழுந்திருந்தது. விசாரித்தபோது, அவை வேகம் கூட்டப்பட்ட கம்ப்யூட்டர்கள் என்பது தெரிந்தது. உரிமையாளர் சிலருக்கோ அந்தச் சொல்லே புதிது. விற்ற கடை, சொல்லாமலே கூட்டி விற்றிருந்தது!

2011-இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூவர், பத்து லட்சம் தனிப்பயன் கம்ப்யூட்டர்களின் பழுது அறிக்கைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். செயலிக் கோளாறினால் விழும் வாய்ப்பு, வேகம் கூட்டப்பட்டவற்றில் ஒரு நிறுவனத்தின் செயலிகளுக்கு ஏறத்தாழ இருபது மடங்கும், இன்னொரு நிறுவனத்தின் செயலிகளுக்கு நான்கு மடங்குக்கு மேலும் கூடியிருந்தது. வேகத்தைக் குறைத்து ஓட்டியவை சாதாரண வேகத்தில் ஓடியவற்றைவிடவும் குறைவாகவே விழுந்தன.

சரி, அந்தப் புத்தகக் கோப்பு ஏன் திறக்கவில்லை? சுருக்கப்பட்ட கோப்புகளுக்குள் ஒரு சரிபார்ப்பு எண் வைக்கப்படுகிறது. திறக்கும்போது உள்ளடக்கத்தை மறுபடி கணக்கிட்டு, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓர் இலக்கம் பிசகினாலும் திறக்க மறுக்கும். நான் சொல்ல விரும்புவது இதுதான்: திறக்காத கோப்பு உண்மையைச் சொன்ன கோப்பு. அது தன் காயத்தை மறைக்கவில்லை. கவலைப்பட வேண்டியது, திறக்கின்ற கோப்புகளைப் பற்றி. சரிபார்ப்பு எண் இல்லாத ஒரு கோப்பில் எழுத்து மாறியிருந்தால், கணக்கு ஏட்டில் ஒரு தொகை மாறியிருந்தால், யார் சொல்லப் போகிறார்கள்?

சோதிப்பது எப்படி?

அப்படியானால் வாய்ப்பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கும் ஆசிரியர் செயலிக்கு யார்? அதற்கென்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது ‘பிரைம்95’.

இதன் பிறப்பு சுவையானது. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர், மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சி ஒன்றைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தம் கம்ப்யூட்டர்களின் ஓய்வு நேரத்தை அதற்கு நல்கினர். 2024-இல் இம்முயற்சி கண்டறிந்து அறிவித்த எண் 4,10,24,320 இலக்கங்களைக் கொண்டது. இத்தகைய எண் ஒன்றைச் சோதிக்கக் கோடிக்கணக்கான பெருக்கல்களைத் தொடர்ந்து செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று பிசகினாலும் பல நாள் உழைப்பு பாழ். ஆகவே, தவறு நேர்ந்தால் உடனே கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை அதற்குள்ளேயே வைத்தனர். ஒவ்வொரு பெருக்கலின் முடிவும் முழு எண்ணுக்கு மிக அருகில் வர வேண்டும். விலகி வந்தால் எங்கோ பிழை. மேலும், விடை முன்னரே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, செயலி சொல்லும் விடையோடு ஒத்துப் பார்க்கும் ‘சித்திரவதைச் சோதனை’யும் அதில் உண்டு. கணிதத்துக்காகப் பிறந்த கருவி, செயலியின் நேர்மையை அளக்கும் கருவியாயிற்று.

மகனிடம் இந்த ஒழுங்கைச் சொல்லுங்கள்.

முதலாவது, எதையும் தொடுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அந்த நகல் வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல் நகல் ஆகாது.

இரண்டாவது, நிறுவனம் வைத்த வேகத்துக்கே திரும்பி, அங்கே முதலில் சோதிக்க வேண்டும். இதனைப் பலர் செய்வதில்லை. பழுது ரேமில் இருக்கலாம். மின்சாரம் தரும் பெட்டியில் இருக்கலாம். சில வேளை செயலியின் பிறவிக் குறையாகவும் இருக்கலாம். இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கம்ப்யூட்டர் செயலிகள் சில, அளவுக்கு மிஞ்சிய வோல்ட்டினால் தேய்ந்து தடுமாறியதை 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உறுதிமொழிக் காலத்தை இரண்டாண்டு நீட்டித்தது. அவற்றில் வேகத்தைக் கூட்டாமலே தடுமாறியவையும் உண்டு. ஆகவே, சாதாரண வேகத்தில் சோதிக்காமல் தம்பியின் மேல் பழி போடுவதும் நியாயமன்று. ரேமுக்கு ‘மெம்டெஸ்ட்86’ என்ற தனிச் சோதனை உண்டு. அதனை ஓரிரவு ஓட விடலாம்.

மூன்றாவது, வேகத்தைக் கூட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரேயடியாகத் தாவாமல் 100 மெகாஹெர்ட்ஸாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கால் மணி நேரம் சோதனை. கூடவே சூட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்று திரையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியிட்டுத் தாளில் எழுதி வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் தொடங்கவே மறுத்தால், மதர்போர்டின் நாணய வடிவ பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்டினால் அல்லது அதற்கென உள்ள முனைகளை இணைத்தால் பழைய அமைப்பு திரும்பிவிடும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டே இதனைச் செய்ய வேண்டும்.

நான்காவது, பிழை தோன்றிய இடத்திலிருந்து ஒரு படியன்று, இரண்டு படி கீழே இறங்கி, இரவு முழுவதும் சோதிக்க வேண்டும். பிரைம்95-இல் சிறிய கணக்குகள் செயலியை அதிகம் சூடாக்கும். பெரிய கணக்குகள் ரேமையும் சேர்த்துச் சோதிக்கும். இரண்டும் வேண்டும். எட்டு மணி நேரத்தில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்ற பேச்சுக்கு இடமில்லை. வெயில் காலத்தில் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனையில் பிழை வந்தால், தவறு உண்டு என்பது உறுதி. பிழை வராவிட்டால், தவறு இல்லை என்பது உறுதியாகிவிடாது. இதுவரை அகப்படவில்லை என்பது மட்டுமே உறுதி. பன்னிரண்டு மணி நேரம் தாங்கியது பதின்மூன்றாம் மணியில் விழலாம். இந்தப் பணிவு இல்லாதவன் வேகம் கூட்டும் விளையாட்டில் இறங்கக்கூடாது.

தாய்க்கு எழுதிய பதில்

அந்தச் சகோதரிக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: “யார் பக்கமும் பேச வேண்டாம், சோதனையைப் பேச விடுங்கள். உங்கள் மகன் செய்தது குற்றமன்று. சொந்தப் பொருளைத் திறந்து பார்த்துக் கற்க விரும்பும் பிள்ளையை அடக்கிவிடாதீர்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் அவனுக்கு மட்டும் சொந்தமானதன்று. அதில் ராத்தாவின் பிழைப்பு இருக்கிறது. அவளை நம்பிப் பிறர் கொடுத்த கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. அவை அமானிதம். தன் உழைப்பைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை உண்டு. அடுத்தவர் அமானிதத்தை, அவருக்குச் சொல்லாமல் பணயம் வைக்க உரிமையில்லை. சொல்லாமல் கூட்டி விற்ற கடைக்காரருக்கும், சொல்லாமல் கூட்டி வைத்த தம்பிக்கும் நோக்கம் வேறாக இருக்கலாம். ஏமாந்தவருக்கு வந்து சேரும் நஷ்டம் ஒன்றுதான்.”

கூடவே ஒன்று கேட்டிருந்தேன்: உண்மையில் மெதுவாக இருப்பது எது? ஐந்தாண்டுப் பழைய கம்ப்யூட்டர் தொடங்கவும் கோப்பைத் திறக்கவும் நேரமெடுத்தால், பெரும்பாலும் குற்றவாளி செயலியன்று. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கோ பற்றாத ரேமோதான். அதற்குச் செயலியை விரட்டிப் பயனில்லை. கால் வலிக்கிறவனுக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட கதையாகிவிடும்.

சென்ற வாரம் அவர்களிடமிருந்து இரண்டாம் கடிதம் வந்தது. மகன் சொன்னபடியே செய்திருக்கிறான். கூட்டிய வேகத்தில், சோதனை தொடங்கி இரண்டு மணி நேரம் கழிவதற்குள் ஒரு பிழை. கம்ப்யூட்டர் நிற்கவில்லை, திரையில் மற்றவையெல்லாம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. சாதாரண வேகத்தில் இரவு முழுவதும் ஒரு பிழையும் இல்லை. ரேம் சோதனையிலும் இல்லை. இதனால் அந்தப் புத்தகக் கோப்பைக் கெடுத்தது இதுவேதான் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நம்ப முடியாத ஒரு கருவியில் ராத்தா இத்தனை நாளும் வேலை செய்திருக்கிறாள் என்பது தெளிவாகிவிட்டது.

“இரண்டு முடிவுகளையும் தாளில் எழுதி, ஒன்றும் பேசாமல் ராத்தாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனான்” என்று எழுதியிருக்கிறார்கள் அந்தத் தாய். “அவள் படித்துவிட்டு, ‘மாதம் ஒருமுறை இதைச் செய்து தா’ என்று மட்டும் சொன்னாள். பேச்சு அப்படித்தான் மறுபடி தொடங்கியது. வேகத்தைப் பழையபடி வைத்துவிட்டான். பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி, எஸ்எஸ்டி போட்டதற்கு அவள்தான் பணம் கொடுத்தாள். இப்போது முன்னைவிட வேகமாகத்தான் இருக்கிறது. முடித்த புத்தகத்தை இரண்டு இடத்தில் நகல் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே மூலத்தை அழிக்கிறாள். மகன், பக்கத்துத் தெருவில் யாரோ ஒதுக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, மொட்டை மாடி அறையில் வைத்துத் தன் வேகப் பைத்தியத்தைத் தீர்த்துக்கொள்கிறான். அதில் ஒருவருடைய கோப்பும் இல்லை.”

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பிள்ளை இருக்கலாம். அவனைத் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “வாப்பா, ஓடுகிறது சரி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்தாயா?” அவன் அதனை நிரூபித்துக் காட்டட்டும். காட்ட முடியாதபோது, வேகத்தைக் குறைக்க அவனே முன்வருவான்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.